பங்குச் சந்தையில் ஆடி மாதம் இல்லை

பங்குச் சந்தைச் சரிவை ஆடித் தள்ளுபடிக்கு ஒப்பிடுவது தமிழ் முதலீட்டு மேடைகளில் நிலைத்துவிட்ட வழக்கம். சென்செக்ஸ் ஆயிரம் புள்ளி இறங்கினால் போதும், "புடவை பாதி விலைக்கு வந்தால் ஓடி வருகிறீர்கள், பங்கு பாதி விலைக்கு வந்தால் ஏன் ஓடிப் போகிறீர்கள்?" என்ற கேள்வி கிளம்பிவிடும். அரங்கு சிரிக்கும். 2024 அக்டோபர் முதல் 2025 பிப்ரவரி வரை நிஃப்டி ஐந்து மாதம் தொடர்ந்து இறங்கியபோதும் அதே நகைச்சுவை, அதே சிரிப்பு. ஒப்புமைக்குத் துணையாக மூன்று வாக்கியங்களும் கூடவே வரும். சந்தை எப்போதும் மீண்டுவிடும். இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்ய வேண்டும். நீண்டகாலம் வைத்திருந்தால் நஷ்டமே வராது.

ஆடியில் கல்யாணம் கிடையாது; ஜவுளி வாங்க ஆள் வராது. பழைய சரக்கு தேங்கினால் தீபாவளிச் சரக்குக்கு இடமும் இருக்காது, பணமும் இருக்காது என்பதால் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். புடவையில் ஒரு நூல்கூடக் குறைவதில்லை. அப்படியிருந்தும் ரங்கநாதன் தெருவில் வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டா வாங்குகிறார்? முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். பார்டரின் சாயம் உடலில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். உள்மடிப்பைப் புரட்டி, "டேமேஜ் பீஸ் இல்லையே?" என்று இரண்டு முறை கேட்கிறார். எண்ணூறு ரூபாய்ப் புடவைக்கு இத்தனை. அதே கை எண்பதாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கும்போது ஆண்டறிக்கையின் அட்டையைக்கூடப் புரட்டுவதில்லை. மேடைப் பேச்சாளர்கள் ஆடிக் கூட்டத்தின் அவசரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதன் சாமர்த்தியத்தைக் கடையிலேயே விட்டுவிட்டார்கள்.

பங்கு என்பது ஒரு தொழிலின் வருங்கால லாபத்தில் ஒரு துண்டு. அதன் விலை இரண்டு காரணங்களால் இறங்கும். வெளிநாட்டு நிதிகள் பணத்தை எடுக்கின்றன, வட்டி ஏறுகிறது, எங்கோ போர் மூள்கிறது என்று எல்லாப் பங்குகளும் சேர்ந்து இறங்குவது ஒன்று. அதில் மட்டும்தான் ஆடிச் சாயல் கொஞ்சம் உண்டு. மற்றது, தொழிலே கிழிந்துபோய் இறங்குவது. பெருஞ்சரிவில் இரண்டும் ஒரே சிவப்பு நிறத்தில் ஒரே திரையில் ஓடும் என்பதுதான் சிக்கல்.

யெஸ் பேங்க் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. அடுத்த மாதம், தலைமை அதிகாரி ராணா கபூரின் பதவிக்காலம் 2019 ஜனவரியோடு முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. செய்திக்குப் பிறகு சந்தை திறந்த முதல் நாளிலேயே விலை கால்வாசிக்கும் மேல் சரிந்தது. தள்ளுபடி தொடங்கிவிட்டது என்றார்கள். டேமேஜ் எங்கே என்பது அப்போதே பொதுவெளியில் இருந்தது. 2015-16-க்கு வங்கி காட்டிய மொத்த வாராக்கடன் 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி ஆய்ந்து கண்டது 4,926 கோடி. அடுத்த ஆண்டு காட்டியது 2,018 கோடி; கண்டது 8,374 கோடி. இவை ரகசியக் கோப்பில் கிடந்த எண்கள் அல்ல, வங்கியே வெளியிட்டவை. முந்தானையை விரித்திருந்தால் ஓட்டை தெரிந்திருக்கும். தன் பங்குகளை வைரம் என்று வர்ணித்து, ஒருபோதும் விற்கமாட்டேன் என்று 2018-இல் அறிவித்த ராணா கபூர் தரப்பிடம் 2019 நவம்பரில் மிஞ்சியவை 900 பங்குகள். வைரத்தை எடைபோடத் தெரிந்தவர் அவர்.

சந்தை எப்போதும் மீண்டுவிடும் என்ற வாக்கியம் இந்தியக் குறியீட்டைப் பொறுத்தவரை இதுவரை பொய்க்கவில்லை. 2008 ஜனவரியில் 20,800-ஐத் தாண்டி முடிந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்து, 2010 நவம்பரில் பழைய உச்சத்தைத் தொட்டது. (ஜப்பான் கதை மேடையில் வராது. 1989 டிசம்பரில் நிக்கேய் தொட்ட உச்சத்தை மீண்டும் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆயிற்று.) ஆனால் மீண்டது குறியீடு. அதற்குள் இருந்த பங்குகள் எல்லாம் மீளவில்லை, மீளாதவற்றைக் குறியீடு வைத்துக்கொள்ளவும் இல்லை. 1986-இல் சென்செக்ஸ் தொடங்கியபோது அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பத்மினி செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் அதில் இருந்தன. 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டதும் சத்யம் வெளியேற்றப்பட்டு, அந்த இடத்துக்கு சன் ஃபார்மா வந்தது. யெஸ் பேங்க் 2017 டிசம்பரில் சென்செக்ஸில் நுழைந்தது, 2019 டிசம்பரில் வெளியே போனது. பெரிய கம்பெனி, புளூசிப், பயமில்லை என்பவர்களுக்கும் அந்த இரண்டு தேதிகளே பதில். அழுகியதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைக்கும் கூடை எப்போதும் நிறைவாகத்தான் தெரியும். டிமேட் கணக்கில் கிடக்கும் பங்கை யாரும் அப்படி மாற்றி வைப்பதில்லை. 2008 ஜனவரியில் 500 ரூபாய்க்கு மேல் விற்ற யூனிடெக் 2020-இல் ஓரிரு ரூபாய்க்கு வந்தது. அதன் நிர்வாகத்தை மத்திய அரசு ஏற்க உச்ச நீதிமன்றம் அனுமதிக்க வேண்டியிருந்தது. அதே ஜனவரியில் 1,200-ஐத் தாண்டிய டிஎல்எஃப் இன்றும் நல்லபடியாக வியாபாரம் செய்கிற நிறுவனம்தான். 16 ஆண்டு கழித்து 2024-லும் அந்த விலையை அது மீண்டும் பார்க்கவில்லை. குறியீட்டைப் பற்றிய வாக்கியத்தை நம்புகிறவர் குறியீட்டு நிதியை வாங்கினால் வாக்கியத்துக்கும் வாங்கியதற்கும் பொருத்தம் இருக்கும்.

நீண்டகாலம் வைத்திருந்தால் நஷ்டமே வராது என்பதற்குச் சான்றாக இன்ஃபோசிஸ் கதை சொல்லப்படும். 1993-இல் 95 ரூபாய்க்கு வந்த வெளியீடு, முழுதாக விண்ணப்பம்கூடச் சேரவில்லை, வைத்திருந்தவர் கோடீஸ்வரர். கதை உண்மை. அதே தொண்ணூறுகளில் மக்களிடம் பணம் திரட்டிவிட்டு அலுவலக முகவரியோடு காணாமல் போனவற்றுக்கென்று "மறைந்த நிறுவனங்கள்" என்றே அரசு ஒரு பட்டியல் போட நேர்ந்ததும் உண்மை. அவற்றின் பங்குப் பத்திரங்களையும் பலர் நீண்டகாலம்தான் வைத்திருந்தார்கள்.

மிச்சம் ஆவரேஜ். இதைக் கணக்காகவே பார்ப்பது நல்லது. 300 ரூபாயில் 100 பங்கு, 30,000 ரூபாய். விலை 150 ஆனதும் இன்னொரு 30,000-க்கு 200 பங்கு. 75 ஆனதும் மேலும் 30,000-க்கு 400 பங்கு. இப்போது கையில் 700 பங்கு, சராசரி விலை 129 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. "300-க்கு வாங்கியதை 129-க்கு இறக்கிவிட்டேன்" என்ற நிம்மதி பிறக்கும். இறங்கியது சராசரி மட்டுமே. போட்ட பணம் 30,000-லிருந்து 90,000-க்கு ஏறியிருக்கிறது. விலை 16 ரூபாய்க்கு வந்தால் முதல் தவணையோடு நிறுத்தியவருக்கு நஷ்டம் 28,400. ஆவரேஜ் செய்தவருக்கு 78,800. தொழில் நன்றாக இருந்து விலை மட்டும் இறங்கும்போது இந்த முறை உதவும். அது எப்போது என்பதைச் சராசரி விலை சொல்லாது. கடன் எவ்வளவு, லாபம் ரொக்கமாக வந்து சேர்கிறதா, நிறுவனர் தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா என்ற மூன்று கேள்விகள் ஓரளவு சொல்லும். மேடையில் இந்தக் கேள்விகளுக்குச் சிரிப்பு வராது.

மேலே உள்ள 300, 150, 75 என்ற படிகள் கற்பனை அல்ல. 2018 செப்டம்பரிலிருந்து 2019 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டுக்குள் யெஸ் பேங்க் பங்கு ஏறக்குறைய அப்படித்தான் இறங்கியது. 2020 மார்ச்சில் மறுசீரமைப்புத் திட்டம் வந்து, ஸ்டேட் பேங்க் 10 ரூபாய் விலையில் பங்கு எடுத்தது. 100 பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள் அதில் 75 சதவீதத்தை மூன்றாண்டு விற்கக்கூடாது என்றும் விதி வந்தது. 700 பங்கு சேர்த்தவருக்கு 525 பூட்டப்பட்டன. 2018 ஆகஸ்டில் 38,000-ஐத் தாண்டியிருந்த சென்செக்ஸ், பூட்டுத் திறந்த 2023 மார்ச் 13 அன்று 58,000-க்கு மேல் இருந்தது. யெஸ் பேங்க் பங்கு 16 ரூபாய் அளவில் இருந்தது.