பதிவேடு பீரோவில் இருக்கட்டும், படிவம் மட்டும் ஊருக்குப் போகட்டும்

நீண்ட பதிவு, பொறுமையாகப் படிக்கவும். பள்ளி அலுவல்களைக் கம்ப்யூட்டரில் செய்கிற ஆசிரியத் தம்பி தங்கைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன். பெற்றோராக இருப்பவர்களும் படிக்கலாம். இதில் பேசப்படுவது உங்கள் பிள்ளைகளின் விவரம்.

நம் ஆசிரியர்களில் சிலர் கைவேலைக்காரர்கள். அலுவலகம் ஒரே பட்டியலை ஏழு விதமாகக் கேட்கிறது என்று சலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸைத் திறந்து தாங்களே ஒரு சின்ன மென்பொருள் செய்துவிடுவார்கள். சேர்க்கை எண்ணைத் தட்டினால் மாற்றுச் சான்றிதழ் அச்சாகி வரும். வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் உதவித்தொகைப் பட்டியல் வரும். ஆக்ஸஸ் 1992-இல் வந்த பழைய சரக்குதான், ஆனால் இன்றைக்கும் இந்த வேலைக்கு அதைவிடச் சுலபமானது எனக்குத் தெரிந்து இல்லை. எமிஸ் வந்த பிறகும் இந்தச் சொந்தத் தயாரிப்புகள் ஒழியவில்லை. இணையம் இழுத்துக்கொண்டு நிற்கிற மதியத்தில் தலைமையாசிரியருக்குக் கைகொடுப்பது இவைதான். செய்கிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, பாராட்டுச் சான்றிதழும் கிடையாது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இதைச் சொல்ல உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

குறை எங்கே என்றால், வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். "பயன்படுத்திக்கொள்ளுங்கள், பகிருங்கள்" என்று ஒரு வரி. அவ்வளவுதான், கோப்பு 30 பள்ளிகளுக்குப் போய்விடும்.

அப்படி ஒன்று எனக்கும் வந்தது. எந்த ஊர், யார் செய்தது என்பதெல்லாம் வேண்டாம். திறந்தால் அழகான முகப்பு, பள்ளிச் சின்னம், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற கட்டம். நன்றாகத்தான் இருந்தது. மூடிவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்தேன். முகப்பு வரவில்லை. இடது பக்கம் அட்டவணைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பயனர் அட்டவணையில் கடவுச்சொற்கள் பச்சையாக எழுதப்பட்டிருந்தன. மாணவர் அட்டவணையில், மாதிரிக்கு வேண்டும் என்று, அவர் தம்முடைய பள்ளிப் பிள்ளைகளையே வைத்திருந்தார். பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதார் எண், தாயின் கைப்பேசி எண், வீட்டு முகவரி, பெற்றோர் வருமானம், எல்லாம். உடனே போன் செய்து சொன்னேன். "யார் சார் ஷிஃப்ட்டைப் புடிச்சுக்கிட்டுத் திறக்கப் போறாங்க?" என்றார். "நான் திறந்தேனே தம்பி" என்றேன்.

அவர் கேட்டது வேடிக்கையான கேள்வி இல்லை. நிறையப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பத்திரம் என்று. அட்டவணையை மறைப்பது, பட்டைகளை எடுத்துவிடுவது, உள்நுழைவுப் படிவம் வைப்பது, இவையெல்லாம் கதவுக்குத் திரை போடுவது மாதிரி. திரைக்குப் பின்னால் கதவே இல்லை. ஷிஃப்ட் தெரியாதவர்கூட எக்செல்லைத் திறந்து, தரவை இறக்குமதி செய்யும் இடத்தில் இந்தக் கோப்பைக் காட்டினால் போதும், அட்டவணை முழுவதும் அங்கே வந்து இறங்கும். உங்கள் முகப்பை அவர் பார்க்கவே வேண்டியதில்லை.

நாம் காகிதக் காலத்தில் எப்படி இருந்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருக்கும். சாவி அவரிடம். யாராவது சான்று கேட்டு வந்தால் பதிவேட்டைத் தூக்கிக் கொடுத்து "நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்று எந்தத் தலைமையாசிரியரும் சொன்னதில்லை. தேவையான வரியை மட்டும் பார்த்து, படிவத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுப்போம். பதிவேடு பள்ளியை விட்டு நகராது. படிவம் மட்டும் வெளியே போகும். இவ்வளவு ஒழுங்காக இருந்த நாம், அதே பதிவேடு கம்ப்யூட்டருக்குள் போனதும் வாட்ஸ்அப்பில் போட எப்படித் துணிந்தோம் என்பது எனக்குப் புரியவில்லை.

"சாதாரண விவரம்தானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் வேலையில் இருந்தபோது ஒரு தாய் பெண் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார். கணவரின் அடிக்குப் பயந்து ஊர் மாறி வந்தவர். "சார், அவரு வந்து கேட்டா எங்க அட்ரஸைக் குடுத்துடாதீங்க" என்று கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். பதிவேட்டில் அந்த முகவரி ஒரு வரி. அவர்களுக்கு அது உயிர். ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி இரண்டு மூன்று பிள்ளைகளாவது இருப்பார்கள். எந்த வரி யாருக்கு உயிர் என்பது கோப்பைப் பகிர்கிறவருக்குத் தெரியாது.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதல் வேலை, கோப்பை இரண்டாகப் பிரிப்பது. ஆக்ஸஸிலேயே அதற்கு வசதி இருக்கிறது, தரவுத்தளக் கருவிகள் பகுதியில் பாருங்கள். அட்டவணைகள் மட்டும் ஒரு கோப்பில் போகும், அதைப் பின்கோப்பு என்று வைத்துக்கொள்வோம். படிவங்கள், அறிக்கைகள், நிரல்கள் எல்லாம் இன்னொன்றில், அது முன்கோப்பு. முன்கோப்பில் தரவு இருக்காது, பின்கோப்புக்கு ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். மற்றப் பள்ளிகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது முன்கோப்பும் காலியான ஒரு பின்கோப்பும்தான். பின்னால் ஒரு பிழையைத் திருத்தினால் முன்கோப்பை மட்டும் மாற்றி அனுப்பலாம், அவர்கள் ஏற்றி வைத்த விவரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரே பள்ளியில் மூன்று கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், மூன்றிலும் தனித்தனி முன்கோப்பு, பொது இடத்தில் ஒரே ஒரு பின்கோப்பு.

காலி என்றால் உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். ஆக்ஸஸில் ஒரு வரியை நீக்கினால் அது உடனே கோப்பிலிருந்து அழிந்துவிடுவதில்லை. இடம் காலி என்று குறித்துவைக்கப்படும், அவ்வளவுதான். சுருக்கிச் சீராக்கும் கட்டளையை ஓட்டினால்தான் கோப்பு புதிதாக எழுதப்படும். என் யோசனை இன்னும் எளிது. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து அட்டவணைகளின் அமைப்பை மட்டும் இறக்குமதி செய்யுங்கள், விவரம் வேண்டாம். மாதிரிக்கு ஆள் வேண்டுமென்றால் கற்பனைப் பெயர்களைப் போடுங்கள். கற்பனைக்கா நமக்குப் பஞ்சம்? கணக்குப் பாடத்தில் எத்தனை ராமுவையும் சோமுவையும் மாம்பழம் வாங்க அனுப்பியிருக்கிறோம்!

அடுத்து கடவுச்சொல். உள்நுழைவுப் படிவத்தில் கேட்கிற கடவுச்சொல்லை நான் சொல்லவில்லை. கோப்பையே குறியாக்கம் செய்கிற கடவுச்சொல் வேறு. கோப்பைத் தனியுரிமை முறையில் திறந்தால்தான் அதை வைக்க முடியும். வைத்துவிட்டால் எக்செல் வழியாக வந்தாலும், வேறு ஆக்ஸஸ் கோப்பிலிருந்து வந்தாலும் கதவு திறக்காது. ஆனால் இது ஏசிசிடிபி வடிவத்துக்குத்தான் பொருந்தும். பழைய எம்டிபி கோப்பில் வைத்த கடவுச்சொல்லை எடுத்துக்காட்டுகிற கருவிகள் இலவசமாகவே உலவுகின்றன, ஒரு நிமிட வேலை. இன்னும் எம்டிபியில் வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பழைய பயிற்சிப் புத்தகங்களில், ஆக்ஸஸில் பயனர்வாரியாக உரிமை கொடுக்கலாம், எழுத்தர் பார்க்கலாம், தலைமையாசிரியர் திருத்தலாம் என்றெல்லாம் இருக்கும். அந்த வசதி எம்டிபியோடு போயிற்று. 2007-இல் வந்த ஏசிசிடிபி வடிவத்தில் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பின்கோப்புக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டு முன்கோப்பைத் திறந்தே விடுகிறவர்களும் உண்டு. அதில் ஒரு பொத்தல் இருக்கிறது. பின்கோப்பின் கடவுச்சொல் முன்கோப்பின் உள் அட்டவணை ஒன்றில், இணைப்பு வரியோடு சேர்ந்து, படிக்கக்கூடிய எழுத்திலேயே பதிவாகியிருக்கும். பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்த கதை. ஆகவே முன்கோப்புக்கும் கடவுச்சொல் வேண்டும். பள்ளிக்குப் பள்ளி வேறு வேறாக.

பிறகு, முன்கோப்பை ஏசிசிடிஇ வடிவமாக மாற்றிக் கொடுங்கள். அதில் உங்கள் விபிஏ மூல நிரல் நீங்கிவிடும், படிவங்களையும் அறிக்கைகளையும் யாரும் கலைக்க முடியாது. ஆனால் அட்டவணைகளை அது காப்பாற்றாது. அதைச் செய்துவிட்டுக் கடவுச்சொல் தேவையில்லை என்று நினைப்பது தவறு. மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏசிசிடிஇ-யிலிருந்து திரும்பி வர வழியில்லை. 64 பிட் ஆக்ஸஸில் செய்தது 32 பிட்டில் திறக்காது என்பதையும் கவனியுங்கள், "சார் திறக்க மாட்டேங்குது" என்று 30 போன் வரும். ஷிஃப்ட் விசையையும் நிரல் மூலம் செயலிழக்கச் செய்யலாம். செய்யுங்கள், தெரியாமல் கை வைக்கிறவர்களைத் தடுக்கும். கோப்பின் பெயர்முடிவை ஏசிசிடிஆர் என்று மாற்றுவதும் அந்த வகைதான். பெயரைத் திருப்பி மாற்றினால் பழையபடி திறந்துகொள்ளும்.

இத்தனையும் செய்தாலும் ஓர் எல்லை இருக்கிறது. அதை மறைத்துச் சொன்னால் நான் வாத்தியார் இல்லை. ஆக்ஸஸ் பின்கோப்பைப் பயன்படுத்துகிறவருக்கு அந்தக் கோப்பைப் படிக்கவும் எழுதவும் உரிமை வேண்டும், அது இருக்கும் அடைவில் பூட்டுக் கோப்பை உருவாக்கும் உரிமையும் வேண்டும். படிக்க முடிகிறவர் நகலெடுக்கவும் முடியும். கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியும். ஆக, தொலைந்துபோன பென் டிரைவிலிருந்தும், பழுதுபார்க்கப் போன கம்ப்யூட்டரிலிருந்தும், தவறான குழுவுக்குப் போன செய்தியிலிருந்தும் இந்த ஏற்பாடு காப்பாற்றும். உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளே எடுத்துக்கொண்டு போவதிலிருந்து காப்பாற்றாது. அது வேண்டுமென்றால் தரவு ஒரு சர்வரில் இருக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், போஸ்ட்கிரஸ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆக்ஸஸ் முன்கோப்பை அவற்றோடு இணைக்கலாம், ஆளுக்கு ஏற்ற உரிமையும் கொடுக்கலாம். ஒரு சிறிய நடுநிலைப் பள்ளிக்கு அது அதிகம். ஒன்றியம் முழுவதுக்கும் ஒரே கோப்பு என்று பேசுகிறவர்களுக்கு அதிகமில்லை.

எல்லை இருப்பதால் இன்னொரு கேள்வி முக்கியமாகிறது. இந்த விவரம் கோப்பில் இருக்கவே வேண்டுமா? மாற்றுச் சான்றிதழ் அச்சிட ஆதார் எண் எதற்கு? குடும்ப வருமானம் எதற்கு? படிவத்தில் இடம் இருக்கிறது என்பதற்காகக் கேட்டு வாங்கி நிரப்புகிறோம். இல்லாத விவரத்தை எவனும் திருட முடியாது. நான் பார்த்த கோப்புகளில் பாதிக் கட்டங்களை நீக்கினாலும் எந்த அறிக்கையும் நிற்காது.

"இப்படியெல்லாம் பார்த்தால் வேலை நடக்காது சார், அலுவலகத்திலிருந்தே எக்செல்லைக் குழுவில்தான் கேட்கிறார்கள்" என்பார்கள். கேட்கிறார்கள், உண்மை. அது தவறு என்று அங்கேயும் சொல்ல வேண்டும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அவ்வளவு தொகையை எந்தத் தொடக்கப் பள்ளியிடமும் யாரும் கேட்கப் போவதில்லை, பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் "சாதாரண விவரம்" என்று நாம் சொல்வதைச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை என்பது தெரிய வேண்டும். நேரக் கணக்கும் பெரிதில்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமை காலையில் முடித்துவிடலாம். மென்பொருள் செய்ய மூன்று மாதம் இரவு கண்விழித்தவருக்கு அரை நாள் பெரிய பாரமா?

கடைசியாக, கடவுச்சொல்லைக் கொடுக்கும் விதம். கோப்பை அனுப்பிய அதே குழுவில் அடுத்த செய்தியாகக் கடவுச்சொல்லை அனுப்பாதீர்கள். அந்தந்தத் தலைமையாசிரியரைத் தனியாக அழைத்து வாயால் சொல்லுங்கள். அவர் அதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டுச் சேர்க்கைப் பதிவேடு இருக்கும் அதே பீரோவில் வைக்கட்டும். கடவுச்சொல் மறந்தால் மைக்ரோசாஃப்ட்டே வந்தாலும் மீட்டுத் தராது. மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிக்கொத்துக்கு அடுத்த வரியாக அந்த உறையையும் எழுதுங்கள். புதிதாக வருகிறவர் பொறுப்பேற்ற அன்றே கடவுச்சொல்லை மாற்றிப் புது உறை போடட்டும்.