நம் தெருவின் இசை

ஹிப்ஹாப் அயல்நாட்டு இரைச்சல். அது நமக்கு எதற்கு என வினவுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது.

1973ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், பள்ளி உடை வாங்கப் பணம் திரட்ட ஒரு மாணவி கொண்டாட்டம் நடத்தினாள். அதில் அவள் அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவருக்கு அப்போது வயது 18. அந்நாளையே ஹிப்ஹாப்பின் தொடக்கமாகக் கொள்வர்.

இன்று மும்பையின் தாராவி இளைஞர்கள், தம் தெருவின் இன்ப துன்பங்களை அதே இசையில் இந்தி, மராத்தி, தமிழ் ஆகிய மொழிகளில் பாடுகின்றனர். தாளம் உலகிற்குப் பொது. சொல்லோ அவரவர் தெருவினது. பிறர் சொல்லை ஒப்பிப்பவரை இக்கலை மதிப்பதில்லை.

ஆதலின், தாய்மொழியை வீட்டிற்குள் பூட்டி வைத்தல் வேண்டா. நாம் வாழும் ஊரைத் தமிழில் பாடுவோம்.