மூன்றாவது இதழ் எங்கே?

கூடுவாஞ்சேரி, பொத்தேரி பக்கம் ரூம் எடுத்துப் படிக்கும் பசங்க நாலு பேர் சேர்ந்தால் போதும், "ஒரு பத்திரிகை ஆரம்பிக்கலாமா?" என்று பேச்சு வந்துவிடும். பெயர் வைக்கவே ஒரு ராத்திரி ஆகும். அட்டைப்படம் பிரமாதமாக இருக்கும். முதல் இதழ் ஜோராக வரும். இரண்டாவது, செமஸ்டர் பரீட்சையெல்லாம் முடிந்து மெதுவாக வரும். மூன்றாவது இதழை யாரும் பார்த்ததில்லை!

இதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து முதல் இதழ் போட்டவர்களைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? அவர்களைக் கவிழ்ப்பது எதிர்பார்ப்பு. காலேஜே படிக்கும் என்று நினைத்ததைப் பத்துப் பேர் படிக்கிறார்கள். அதில் மூன்று பேர் அறை நண்பர்கள். அப்புறம் எதற்கு அடுத்த இதழ்?

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ஒரு பஸ் பிடித்தால் திருவல்லிக்கேணி. அங்கே இருந்துகொண்டுதான் 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 46. அதாவது, இளமை வேகத்தில் செய்த காரியம் இல்லை. பத்திரிகைத் தொழிலின் கஷ்டமெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்.

அவர் செய்த விசித்திரமான காரியம், இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே அறிவித்தது. எல்லோரும் எத்தனை பிரதி விற்கப் போகிறோம் என்று இலக்கு வைப்பார்கள். இவர் உச்சவரம்பு வைத்தார்! கடைசிவரை அந்த வரம்பைத் தொடும் அளவுக்கு விற்கவும் இல்லை. இருந்தும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. கூட்டம் வராது என்பதை முதல் நாளே கணக்கில் எழுதிக்கொண்டவருக்கு, கூட்டம் வரவில்லை என்பது ஒரு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

பிடிவாதம் மட்டும் போதுமா என்றால், போதாது. முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' கவிதையை மறுபடி வெளியிட்டார். அதைப் பார்த்து, இப்படியும் கவிதை எழுதலாமா என்று புதியவர்கள் எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். இலங்கைத் திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமுவின் கவிதை 1960ல் வந்தபோது அவருக்கு வயது 20தான். பிற்காலத்தில் பிரமிள் என்று பெயர் பெற்றவர் அவரே. சி. மணி, வைதீஸ்வரன், பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி என்று வரிசை நீண்டது. 1962ல் 24 பேருடைய 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' என்று புத்தகமே போட்டார். படிக்கிறவர்களில் சிலர் எழுதுகிறவர்களாக மாறிக்கொண்டே இருந்தால் அடுத்த இதழுக்கு விஷயம் தானாக வரும். ஆயிரம் பேர் சும்மா புரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

க.நா.சு.வும் சளைத்தவர் இல்லை. 'சூறாவளி', 'இலக்கிய வட்டம்' என்று அவரும் பத்திரிகைகள் நடத்தினார். ஒன்றும் 'எழுத்து' போல நீடிக்கவில்லை. அதனால் அவர் எழுத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் பத்து வருஷம் ஓட்டித்தான் தீர வேண்டும் என்று சட்டமா என்ன?

செல்லப்பா கதையைச் சொல்பவர்கள், அவர் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றதை உருகி உருகிச் சொல்வார்கள். உருகலாம், தப்பில்லை. ஆனால் அந்த மூட்டையின் பாரம் அவர் தோளில் மட்டுமா இருந்தது? வீட்டில் அடுப்பெரிக்க வேண்டியவர் ஒருவர் இருந்தாரே! அந்த அம்மாள் பட்ட கஷ்டத்தையும் கணக்கில் சேர்க்காமல் "அர்ப்பணிப்பு" என்று கைதட்டுவது நியாயமாகப் படவில்லை. ரூம் வாடகையையும் பரீட்சை ஃபீஸையும் போட்டு இதழ் கொண்டுவரத் துடிக்கும் பசங்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். நாற்பது பக்கம் முடியாவிட்டால் எட்டுப் பக்கம். மாதா மாதம் முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒன்று.

'எழுத்து'வும் கடைசியில் அப்படித்தான் காலாண்டிதழாக மாறியது. 1970ல் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னையில் 'கசடதபற' என்று இன்னொரு சிறுபத்திரிகை கிளம்பியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ந. முத்துசாமி. அவருடைய ஆரம்பகாலக் கதைகள் வெளிவந்தது 'எழுத்து'வில்.