பல்பின் மேல் பழி!

தை பிறந்துவிட்டால் உடுமலையிலிருந்து மடத்துக்குளம் வழியாகப் பழனிக்குப் பக்தர்கள் சாரி சாரியாக நடப்பார்கள். இரவிலும் நடப்பார்கள். அதே வட்டாரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் போகும். அமராவதித் தண்ணீரில் விளைந்த கரும்பு அல்லவா! டிரெய்லரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வண்டியின் பின் விளக்கு எரியாவிட்டால்? பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு வண்டி இருப்பதே தெரியாது. தெரியும்போது காலம் கடந்துவிடும்.

விளக்கு எரியவில்லை என்றதும் பலர் பல்பை மாற்றுகிறார்கள். மாற்றும்போது ஒயர் அசைகிறது. அதனால் இரண்டு நாள் எரிகிறது. மூன்றாம் நாள் மறுபடி இருட்டு! "மட்டமான பல்பு" என்று கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது. பாவம், பல்பு என்ன செய்யும்?

பச்சைக் களிம்பு

ஒயரும் ஒயரும் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். 'கப்ளர்' என்பார்கள். அதற்குள் செம்பு அல்லது பித்தளை முனைகள் உண்டு. மழைத் தண்ணீர் புகுந்தால் அவற்றில் பச்சைக் களிம்பு பூக்கும். துலக்காத பித்தளைக் குடத்தில் பார்த்திருப்பீர்களே, அதுதான்!

களிம்பு மின்சாரத்தை மறிக்கும். 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே போய்விட்டால், சாதாரண இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எர்த் ஒயரின் முனை அரித்திருந்தால் வேடிக்கை வேறு. பிரேக்கை மிதித்தால் இன்டிகேட்டர் மினுக்கும்!

பரிகாரம் பெரிதல்ல. முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். கப்ளரைப் பிரித்து, முனைகளை மெல்லிய உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்துத் துடையுங்கள். தளர்ந்த முனையைக் குறட்டால் லேசாக அழுத்துங்கள். இறுக்கமாகப் பூட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள், ஈரம் அண்டாது. ஒயரே உள்ளே கறுத்திருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிப் புது முனை போட வேண்டும்.

தாய்மார்கள் புளியை எடுத்து வந்துவிட வேண்டாம்! குடத்துக்கு அது சரி. இங்கே புளிப்பு உள்ளே தங்கி, மறுபடி அரிக்கும்.

யாருக்கு அந்த விளக்கு?

முன் விளக்கு மங்கினால் ஓட்டுகிறவருக்கே தெரியும். அன்றே சரி செய்துவிடுவார். பின் விளக்கு அவர் கண்ணில் படாது. அது பிறருக்கான விளக்கு. அலட்சியத்துக்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

"சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோமே" என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்டிக்கர் நல்லதுதான். ஆனால் வண்டிக்காரர் பிரேக் போட்டதை ஸ்டிக்கர் சொல்லுமா?

பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே பொழுது சாய்ந்ததும், வண்டி புறப்படும் முன், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு, பிள்ளையைப் பின்புறம் சற்றுத் தள்ளி ஓரமாக நிற்க வையுங்கள். பிரேக்கை மிதியுங்கள்.

"இடது பக்கம் எரியுது அப்பா! வலது பக்கம் எரியலே!"

கப்ளரைக் கழற்ற வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.