கல்லறை போனஸ்

போனஸ் என்ற சொல்லை மில் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலாளி அதை இனாம் என்கிறான். தொழிலாளி, பிடித்து வைத்த கூலி என்கிறான். இந்த வழக்கு நேற்றுத் தோன்றியதல்ல. முதல் உலக யுத்தத்தின்போது, 1917ல், பம்பாய் மில்களில் யுத்த போனஸ் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். 1924ல் வேலைநிறுத்தம் நடந்தது. விசாரித்த கமிட்டி என்ன சொல்லிற்று? போனஸ் கேட்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று சொல்லிற்று.

அதே 1924ல், அதே யுத்தத்தைப் பற்றி, கடல் கடந்த அமெரிக்காவிலும் ஒரு போனஸ் வழக்கு நடந்தது. அங்கே கேட்டவர்கள் பட்டாளத்துக்காரர்கள். அவர்களுக்காகச் சட்டசபைக்குள் ஏழு ஆண்டுக் காலம் விடாமல் நின்ற ஒரு பிரதிநிதியின் கதையை இந்த வாரம் எடுத்துக் கொள்கிறோம். அவர் நம் கட்சிக்காரர் அல்ல. அவருடைய கணக்கில் வரவும் உண்டு. மன்னிக்க முடியாத பற்றும் உண்டு. இரண்டையும் சொல்லுவோம்.

யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 30 டாலர். அதிலும் இன்ஷூரன்சுக்கும் வீட்டுக்கும் பிடித்தம் போக மிஞ்சியது சொற்பம். உள்ளூரில் யுத்தத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தவன் அதைவிட நல்ல கூலி வாங்கினான். தொழிற்சாலை முதலாளியோ கோடி கோடியாகக் குவித்தான். திரும்பி வந்த சிப்பாய் கேட்டது இந்தக் கூலி வித்தியாசத்தைத்தான். உள்நாட்டில் சேவை செய்த நாளுக்கு 1 டாலர், கடல் கடந்து சேவை செய்த நாளுக்கு 1.25 டாலர் என்று கணக்குப் போட்டுக் காங்கிரஸ் சட்டம் செய்தது. (அமெரிக்கச் சட்டசபைக்குக் காங்கிரஸ் என்றுதான் பெயர், நம் நாட்டுக் கட்சியோடு குழப்பிக் கொள்ள வேண்டாம்.) ஜனாதிபதி கூலிட்ஜ், காசு கொடுத்து வாங்கும் தேசபக்தி தேசபக்தியே அல்ல என்று உபதேசம் செய்து, மசோதாவைத் திருப்பி அனுப்பினார். யுத்தக் காண்டிராக்டர்களிடம் இந்த உபதேசத்தை யாரும் செய்ததாகத் தெரியவில்லை. காங்கிரஸ் அவருடைய மறுப்பைத் தள்ளிவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.

ஆனால் அதில் ஒரு சூது இருந்தது. 50 டாலருக்கு மேல் பாக்கி உள்ளவனுக்குக் கையில் பணம் இல்லை. ஒரு பத்திரம் கொடுத்தார்கள். அதை 1945ல்தான் பணமாக்கலாம். அதற்குமுன் சிப்பாய் செத்துப் போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும். “கல்லறை போனஸ்” என்று அந்தப் பட்டாளத்துக்காரர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் ரைட் பாட்மன் வருகிறார். 1893ல் டெக்ஸாஸ் மாகாணத்துப் பருத்திச் சீமையில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தார், யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்தார், பிறகு அரசாங்க வழக்கறிஞராக இருந்தார். 1928 தேர்தலில் வென்று, 1929 மார்ச்சில் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். நுழைந்த மூன்றாவது மாதம், மே மாதத்தில், பத்திரத்தின் முழுத் தொகையையும் உடனே கொடு என்று மசோதா கொண்டு வந்தார். புதுப் பிரதிநிதியின் மசோதாவை யார் மதித்தார்கள்? அது கமிட்டியில் தூங்கியது.

அந்த வருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பாங்குகள் மூடின. ஆலைகள் மூடின. பருத்தி விலை பாதாளத்துக்குப் போயிற்று. லட்சக் கணக்கான மாஜி சிப்பாய்களிடம் இருந்த ஒரே சொத்து, 1945ல் பணமாகும் அந்தக் காகிதம். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெட்டியில் ஆயிரம் டாலர் பத்திரம் இருக்கிறது. சர்க்கார் என்ன சொல்லிற்று? வேண்டுமானால் அதன் பேரில் கடன் வாங்கிக் கொள், வட்டி கட்டு என்றது. தன் சொந்தக் கூலியை ஒருவன் வட்டிக்கு வாங்கும் விந்தை அமெரிக்காவில்தான் நடந்தது.

கஜானாவில் பணமில்லை என்று சொன்னவர் யார்? ஆண்ட்ரூ மெல்லன். 1921 முதல் நிதி மந்திரி. அலுமினியம், எண்ணெய், பாங்க் என்று நாட்டின் பெரிய சொத்துகளில் பங்கு வைத்திருந்த கோடீஸ்வரர். 1932 ஜனவரியில் பாட்மன் இவர் மீதே கை வைத்தார். நிதி மந்திரியாக இருப்பவர் வியாபாரத்தில் ஈடுபடக் கூடாது என்று 1789ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது; அதை மீறிய மெல்லனைப் பதவியிலிருந்து நீக்க விசாரணை வேண்டும் என்று சபையில் எழுந்து நின்று குற்றம் சாட்டினார். விசாரணை தொடங்கியது. பிப்ரவரியில் மெல்லன் மந்திரி பதவியை விட்டார். ஜனாதிபதி ஹூவர் அவரை லண்டனுக்குத் தூதராக அனுப்பி வைத்தார். பணக்காரனுக்குத் தண்டனை என்றால் அதுவும் ஒரு பெரிய பதவியாகத்தான் இருக்கும் போலும்!

1932 மே மாதத்தில் மேற்குக் கரையில் போர்ட்லண்ட் நகரத்திலிருந்து சில நூறு மாஜி சிப்பாய்கள் சரக்கு ரயிலில் ஏறினார்கள். அவர்களுக்குத் தலைவர் வால்டர் வாட்டர்ஸ். பழைய சார்ஜெண்ட், அப்போது வேலையில்லாதவர். வழி நெடுகப் பலர் சேர்ந்தார்கள். ஜூனில் வாஷிங்டனில் ஏறக்குறைய 20,000 பேர் கூடிவிட்டார்கள். மனைவி மக்களோடு வந்தவர்களும் உண்டு. அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சேற்றுத் திடலில் தகரம், அட்டை, பழம்பலகை கொண்டு குடிசை போட்டார்கள். தெருவுக்குப் பெயர் வைத்தார்கள், காலையில் அணிவகுத்தார்கள்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் அமெரிக்கச் சர்க்கார் கறுப்புச் சிப்பாய்களைத் தனிப் படையாகத்தான் வைத்திருந்தது. வாஷிங்டன் நகரத்திலும் அன்று எங்கும் நிற வேற்றுமை. அந்தச் சேற்றுத் திடலில் மட்டும் கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் இருந்தார்கள். ஒரே பானையில் உண்டார்கள். ராய் வில்கின்ஸ் என்ற கறுப்பர் தலைவர் நேரில் போய்ப் பார்த்து இதை எழுதி வைத்திருக்கிறார். சேரியும் ஊரும் தனித்தனியாக உள்ள நம் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இதன் அருமை தெரியும்.

வெளியே இவர்கள், உள்ளே பாட்மன். கமிட்டி மசோதாவை வெளியே விடவில்லை. கமிட்டியைத் தாண்டிச் சபைக்கு மசோதாவை இழுக்க 145 உறுப்பினர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துகள் சேர்ந்தன. ஜூன் 14ந் தேதி விவாதத்தில் போனஸை ஆதரித்துப் பேசிக் கொண்டிருந்த டென்னஸி பிரதிநிதி எட்வர்ட் எஸ்லிக், பேசிக் கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். மறுநாள், ஜூன் 15ந் தேதி, பிரதிநிதிகள் சபை மசோதாவை 211க்கு 176 என்ற வாக்கில் நிறைவேற்றியது. ஜூன் 17ந் தேதி செனட் 62க்கு 18 என்று அதைக் கொன்றது. படிக்கட்டில் காத்திருந்த சிப்பாய்கள் செய்தி கேட்டு, பாட்டுப் பாடிவிட்டுக் குடிசைக்குத் திரும்பினார்கள். ஒரு கல்கூட எறியவில்லை.

பணமில்லையாம்! அதே ஜூன் மாதக் கடைசியில் சிகாகோ பாங்க் ஒன்றுக்குச் சர்க்காரின் கடன் கார்ப்பரேஷன் 9 கோடி டாலர் வாரிக் கொடுத்தது. அந்தப் பாங்கின் தலைவர் சார்லஸ் டாவ்ஸ். அவர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்வரை அந்தக் கடன் கார்ப்பரேஷனுக்கே தலைவராக இருந்தவர்!

ஜூலை 28ந் தேதி வந்தது. முதலில் போலீஸ். பழைய கட்டிடங்களைக் காலி செய்யச் சொல்லித் தகராறு; துப்பாக்கிச் சூடு. வில்லியம் ஹுஷ்கா, எரிக் கார்ல்ஸன் என்ற இரண்டு மாஜி சிப்பாய்கள் குண்டுக்குப் பலியானார்கள். மாலையில் ராணுவம் வந்தது. ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர் நேரில் தலைமை வகித்தார். குதிரைப் படை உருவிய வாளோடு வந்தது. டாங்கிகள் வந்தன. கண்ணீர்ப் புகைக் குண்டுகள் பறந்தன. ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று ஹூவர் சொல்லியனுப்பிய பின்னும் கடந்தார்கள். குழந்தைகள் இருந்த திடல் இரவில் எரிந்தது. குதிரைப் படையில் மேஜர் பேட்டன் என்ற அதிகாரி இருந்தார். பின்னாளில் பெரிய தளபதி ஆனவர். 1918ல் பிரான்ஸில் அடிபட்டுக் கிடந்த அவரைக் காப்பாற்றிப் பதக்கம் வாங்கிய சிப்பாய் ஒருவன் விரட்டப்பட்டவர்களில் இருந்தான். மறுநாள் அவரைப் பார்க்க வந்தான். இவனை எனக்குத் தெரியாது என்று பேட்டன் சொல்லித் துரத்திவிட்டார்.

வந்தவர்கள் சிப்பாய்களே அல்ல, ரவுடிகள், கம்யூனிஸ்டுகள் என்று சர்க்கார் பிரசாரம் செய்தது. கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள், மறைக்க என்ன இருக்கிறது? அவர்கள் மாஜி சிப்பாய்த் தொழிலாளிகளின் சங்கத்தின் மூலம் அங்கே வேலை செய்தார்கள். கூட்டத்தில் அவர்கள் சிறு பகுதிதான். சர்க்காரின் சொந்த இலாகாவே கணக்கெடுத்தது. நூற்றுக்கு 94 பேர் ராணுவத்திலோ கடற்படையிலோ சேவை செய்தவர்கள். 67 பேர் கடல் கடந்து போனவர்கள். 20 பேர் ஊனமுற்றவர்கள்.

நவம்பரில் ஹூவர் தோற்றார். ரூஸ்வெல்ட் வந்தார். பட்டாளத்துக்காரன் பிழைத்தானா? 1933 மார்ச்சிலேயே சிக்கனச் சட்டம் என்ற பெயரில் மாஜி சிப்பாய்களின் உபகாரச் சம்பளம் வெட்டப்பட்டது. மே மாதம் மறுபடி ஊர்வலம் வந்தபோது டாங்கி அனுப்பவில்லை. ஜனாதிபதியின் மனைவி வந்து பேசினார். காடு வளர்க்கும் முகாம்களில் வேலை கொடுத்தார்கள். அது நல்லதுதான். ஆனால் போனஸ்? இல்லை. 1935ல் பாட்மன் மசோதா இரண்டு சபையிலும் நிறைவேறியது. மே 22ந் தேதி ரூஸ்வெல்ட் தாமே காங்கிரஸுக்கு வந்து மறுப்புரையைப் படித்தார். அதுவரை எந்த ஜனாதிபதியும் இப்படி நேரில் வந்து செய்ததில்லை. பிரதிநிதிகள் சபை 322க்கு 98 என்று அந்த மறுப்பைத் தள்ளியது. செனட்டில் 54க்கு 40, மூன்றில் இரண்டு பங்கு இல்லை, மசோதா செத்தது.

அந்த செப்டம்பர் 2ந் தேதி புளோரிடா தீவுகளில் கடும் புயல் அடித்தது. ரோடு போடும் முகாம்களில் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த மாஜி சிப்பாய்கள் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களை ஏற்றிக் கொண்டு போகப் புறப்பட்ட ரயில் நேரத்துக்கு வந்து சேரவில்லை. கல்லறை போனஸ் என்ற பெயர் அவர்கள் வரையில் பலித்துவிட்டது.

1936 ஜனவரியில், ரூஸ்வெல்ட் மறுபடி மறுத்தும், செனட் 76க்கு 19 என்று சட்டத்தை நிறைவேற்றியது. பாட்மன் கேட்டபடி புது நோட்டு அச்சிட்டுக் கொடுக்கவில்லை. 50 டாலர் கடன் பத்திரங்களாகக் கொடுத்தார்கள். ஜூன் 15ந் தேதி முதல் தபால்காரர்கள் வீடு வீடாகக் கொண்டு போனார்கள். பிரதிநிதிகள் சபை முதலில் வாக்களித்துச் சரியாக நான்கு ஆண்டு. ஏறக்குறைய 200 கோடி டாலர். 1944ல் இரண்டாம் யுத்தச் சிப்பாய்களுக்குப் படிப்பு, வீட்டுக் கடன், வேலையில்லாக் கால உதவி எல்லாம் சட்டமானதே, அதற்குப் பின்னாலும் இந்தச் சேற்றுத் திடலின் நினைவு இருந்தது. இன்னொரு 1932ஐ வாஷிங்டன் விரும்பவில்லை.

இனி பாட்மனின் மறுபக்கம். அவர் 1976 மார்ச்சில் சாகும்வரை 47 ஆண்டு சபையில் இருந்தார். பெரிய பாங்குகளோடும் சங்கிலிக் கடைகளோடும் சண்டை போட்டார். 1963 முதல் பாங்கிங் கமிட்டியின் தலைவராக இருந்தார். அதெல்லாம் வரவு. ஆனால் 1954ல் சுப்ரீம் கோர்ட், பள்ளிக்கூடத்தில் கறுப்புக் குழந்தையைத் தனியாக வைப்பது சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொன்னபோது, 1956ல் அதை எதிர்த்துத் தென் மாகாணத்துப் பிரதிநிதிகள் வெளியிட்ட அறிக்கையில் பாட்மனும் கையெழுத்துப் போட்டார். 1964ன் சிவில் உரிமைச் சட்டத்துக்கும் எதிராகவே வாக்களித்தார். 1932ல் அவருடைய மசோதாவுக்காகச் சேற்றில் படுத்த கறுப்புச் சிப்பாயின் பேரன், 1956ல் வெள்ளைப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம்.

டெக்ஸாஸில் அப்போது வெள்ளையர் ஓட்டு இல்லாமல் யாரும் ஜெயிக்க முடியாது, அவர் என்ன செய்வார் என்று சிலர் கேட்கலாம். தோற்றிருக்கலாம் என்பதே நம் பதில். மெல்லனுக்குப் பயப்படாத மனிதர், தன் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பயந்தார்.

நம் நாட்டு விஷயம் ஒன்று. 2022 ஜூன் 14ந் தேதி அக்னிபாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பட்டாளத்துக்கு எடுக்கும் பையனுக்கு நான்கு ஆண்டு வேலை; பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நிரந்தரம் இல்லை; மற்றவர்களுக்கு ஒரு தொகை, அதிலும் பாதி அவன் சம்பளத்தில் பிடித்தது; பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. இது மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வரவேயில்லை. மந்திரி சபை முடிவாக வந்தது. ஆகவே எந்த எம்.பி.யும் இதற்கு ஓட்டுப் போட்டதாகவோ எதிர்த்து ஓட்டுப் போட்டதாகவோ பதிவு கிடையாது. ஆனால் கேள்வி கேட்கலாம், தனி மசோதா கொண்டு வரலாம், பேசலாம். பேசியதெல்லாம் சபைக் குறிப்பில் தேதியோடு இருக்கிறது.

பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு நம் சங்கத்தில் உண்டு. ஓட்டுக் கேட்க வருகிறவர் மேடையில் ஜவானுக்கு வணக்கம் சொல்லும்போது, இந்த நான்கு ஆண்டு வேலையைப் பற்றி எந்தத் தேதியில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். சேரியிலிருந்து போன பையனும் ஊரிலிருந்து போன பையனும் ஒரே படையில் இருந்துவிட்டு வந்த பின், ஒரே டீக்கடையில் ஒரே தம்ளரில் குடிக்க அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.