இரண்டு வாக்குகளுக்கு நடுவே

சின்னஞ்சிறு விதையிலிருந்து முளைத்த ஆலமரம் நூறாண்டில் பல டன் எடைக்கு வளர்ந்துவிடுகிறது. அதை வெட்டிக் காயவைத்தால் மிஞ்சும் கட்டையின் எடை பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? மண், தண்ணீர், காற்று, வெயில் என்று நான்கு விடைகளைக் கொடுத்து, ஒளிச்சேர்க்கைப் பாடம் முடித்த ஒரு பிளஸ் டூ வகுப்பில் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சமன்பாட்டை ஒப்பிக்கும் பிள்ளைகளில் பலர் ‘மண்’ என்பார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற விஞ்ஞானி ஐந்தாண்டுகள் ஒரு வில்லோ மரத்தைத் தொட்டியில் வளர்த்து எடை பார்த்தார். மரம் 160 பவுண்டுக்கு மேல் கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். மண் இல்லை என்று கண்டுகொண்ட அவரே, தண்ணீர்தான் மரமாகிறது என்று முடிவுகட்டினார். உண்மையில் கட்டையின் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது.

சமன்பாடு தெரிகிறது, ஆனால் அது சொல்வதை மனம் ஏற்கவில்லை. இந்த இடைவெளி ஆசிரியரின் கண்ணில் படுவதே அரிது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “புரிஞ்சுது சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. தேர்விலும் சமன்பாட்டைத்தான் கேட்கிறோம். முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

கரோனா கால ஆன்லைன் வகுப்புகளில் மென்டிமீட்டர், ஸ்லைடோ, கஹூட், கூகுள் ஃபார்ம் ஆகியவை நம் ஆசிரியர்கள் பலருக்கு அறிமுகமாயின. திரையில் கேள்வி வரும். மாணவர்கள் செல்போனில் விடையைத் தட்டுவார்கள். பட்டை வரைபடம் எழும். பள்ளிகளும் கல்லூரிகளும் இதை நவீனக் கற்பித்தலின் அடையாளமாகப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் இந்த முறையின் வேர் கருவியில் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், தன் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டாலும், சரக்கு லாரியும் சிறிய காரும் மோதும்போது எதன் மீது எவ்வளவு விசை என்பது போன்ற அடிப்படைக் கேள்வியில் தடுமாறுகிறார்கள் என்பதைக் கண்டு அதிர்ந்தார். 1991 முதல் வகுப்பை மாற்றினார். சிறிது நேரம் விளக்கம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். விடைகள் பிரிந்து கிடந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டும். அதன்பின் மறுபடி வாக்கு. சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால்தான் இந்த விவாதம் பலன் தரும். அதற்குக் கீழே போனால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும்.

கற்றல் நிகழ்வது அந்த இரண்டு வாக்குகளுக்கு நடுவேதான். நம் வகுப்புகளில் கைவிடப்படுவதும் அதுவேதான்.

ஆலமரக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். முதல் வாக்கு முடிந்து, பக்கத்தில் இருப்பவர்களோடு பேசச் சொன்னால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்:

“மண்ணுதான்டி. இல்லேன்னா உரம் எதுக்குப் போடுறோம்?”

“அப்போ தொட்டிச் செடி வளர வளர மண்ணு குறையணும்ல? குறையலையே.”

“காத்துன்னு எப்படிப் போடுறது? காத்துக்குத்தான் எடையே இல்லையே!”

பெஞ்சுகளுக்கு இடையே நடந்துகொண்டிருக்கும் ஆசிரியருக்கு அந்தக் கடைசி வாக்கியம் பெரிய தகவல். சிக்கல் ஒளிச்சேர்க்கையில் இல்லை, வாயுவுக்கு எடை உண்டு என்பதையே அந்தப் பிள்ளை ஏற்கவில்லை. எந்த விடைத்தாளும் இதை அவருக்குக் காட்டியிருக்காது. விடை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதானே இந்த விவாதம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் நடந்து, 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. விவாதத்துக்குப் பிறகு, அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியாக விடையளிக்கக் கொடுத்தார்கள். குழுவில் ஒருவருக்கும் முதலில் சரியான விடை தெரியாத நிலையிலும் மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள். காரணத்தைச் சொல்லிப் பார்ப்பதே தெளிவைத் தருகிறது.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வாக்குகள் வர வர வளரும் பட்டைகளைத் திரையில் காட்டுவது பார்க்க அழகு. ஆனால் முதல் வாக்கிலேயே அதைக் காட்டினால் உயரமான பட்டை எதுவோ அதன் பக்கம் மற்றவர்கள் சாய்ந்துவிடுகிறார்கள். விவாதம் அங்கேயே முடிந்துபோகிறது. முடிவுகளை மறைத்துவைக்கும் வசதி மென்டிமீட்டரில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

கஹூட் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேகமாகத் தட்டியவருக்கு அதிகப் புள்ளி, கேள்விக்குக் கேள்வி தரவரிசை. வாய்ப்பாட்டையோ தலைநகரங்களையோ நினைவுபடுத்த அது போதும், பிள்ளைகளுக்கும் உற்சாகம். யோசிக்க வேண்டிய கேள்விக்கு அது கூடாது. நின்று நிதானமாக யோசிக்கும் பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் தன் இடம் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெயர் வெளியே தெரியாமல் வாக்களிக்க முடிவதுதான் இந்தக் கருவிகளின் பெருங்கொடை என்று நான் நினைக்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரியில் சேரும் முதல் தலைமுறை மாணவி விடை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. தப்பாகிவிட்டால் சிரிப்பார்களே, ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயம். முன்பெஞ்சில் இருக்கும் நாலைந்து பேர் பதில் சொல்ல, வகுப்பே பதில் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். வாக்கெடுப்பில் அவளும் ஒரு நிலைப்பாடு எடுக்கிறாள். தன் விடையையே இன்னும் இருபது பேர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தெரியும்போது, தவறோ சரியோ, அவளுடைய தயக்கம் கொஞ்சம் தளர்கிறது. விவாதத்தைத் தமிழிலேயே நடத்திக்கொள்ளலாம் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஆனால் இந்த வாக்கை அகமதிப்பீட்டு மதிப்பெண்ணோடும் வருகைப் பதிவோடும் இணைத்துவிட்டால், பெயர் வெளியே தெரியாது என்ற நம்பிக்கை முறிந்துவிடும். பிறகு வருவது பக்கத்துப் பெஞ்சில் பார்த்துத் தட்டிய விடையாகத்தான் இருக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்குக் காட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதற்காகவே நடத்தப்படும் வாக்கெடுப்புகளும் மாணவருக்கு எதையும் தருவதில்லை.

பள்ளிக்குள் செல்போன் கூடாது என்பது சரியான விதி. இந்தக் கருவிகள் பலவற்றின் இலவசக் கணக்குகளிலோ பங்கேற்பாளர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. பிளிக்கர்ஸ் என்ற முறையில் மாணவரிடம் இருப்பது ஒரு காகித அட்டை மட்டும். அதைத் திருப்பிப் பிடிக்கும் நான்கு வாகுகள்தான் நான்கு விடைகள். ஆசிரியரின் ஒரே செல்போன் வகுப்பு முழுவதையும் படித்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு விடை எளிதில் தெரியாது. அதுவும் இல்லையென்றால் அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகளை மார்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லலாம். மின்னணுக் கருவியையும் வெறும் அட்டையையும் ஒப்பிட்டு, நதானியேல் லாஸ்ரி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

ஆகவே சந்தாவுக்கும் சாதனங்களுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கேள்வி எழுதுவதற்கு ஒதுக்க வேண்டும். நல்ல கேள்வி எழுதுவது கடினம். அதன் தவறான விடைகள் பிள்ளைகள் மெய்யாகவே நம்புபவையாக இருக்க வேண்டும். அவை விடைத்தாள்களிலும் பெஞ்சுப் பேச்சுகளிலும்தான் கிடைக்கும். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் ஒவ்வொரு பாட ஆசிரியரும் தம் வகுப்பில் கேட்ட தவறுகளோடு வந்து உட்கார்ந்து, அலகுக்குப் பத்துக் கேள்வியாவது எழுதித் தமிழில் பொதுவில் வைக்கலாம். ஒரு கேள்விக்கு ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். பாடவேளைக்கு இரண்டு கேள்வி என்றாலும் ‘போர்ஷன்’ முடியாது என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. அந்த நிமிடங்களுக்கு இடம் கொடுக்கும் வகையில் பாடச்சுமையைக் குறைக்க வேண்டியது பாடத்திட்டக் குழுவின் வேலை.