ஆமென் சொன்ன பிறகு

போன வருசம் எங்கட ஜெபக்குழுவுக்கு வந்த முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி, "ஹொஸ்டலுக்குப் போகவே பயமா இருக்கு, எனக்காக ஜெபியுங்கோ" எண்டு கேட்டா. பகிடிவதைதான். நாங்கள் வட்டமாக நிண்டு, கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தோம். ஆமென் சொன்னோம். பிறகு அவ தனியத்தான் நடந்து போனா.

அண்டைக்குப் பயம் அவவுக்கு மட்டுமில்லை, எங்களுக்கும் இருந்தது. அதை மட்டும் நாங்கள் கடவுளிட்டச் சொல்லவில்லை.

கெத்செமனேயை யோசிச்சுப் பாருங்கோ. இயேசு அங்கே வீரவசனம் பேசவில்லை. துக்கத்தில் முகங்குப்புற விழுந்து, முடியுமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் எண்டு கேட்டார். மூன்று தரம் ஜெபித்தும் பாத்திரம் நீங்கவில்லை. ஆனாலும் எழுந்து, தன்னைப் பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் போய் நிண்டார். ஜெபிக்காமல் நித்திரை கொண்ட சீஷர்கள்தான் ஓடிப்போனார்கள்.

1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு 27 வயசு. மொன்ட்கொமரியில் கறுப்பின மக்களின் பஸ் புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் இரவு கொலைமிரட்டல் அழைப்பு வந்தது. நித்திரை வராமல் குசினி மேசையில் கோப்பியோட இருந்து, தான் பலவீனமாகிப் போனதைக் கடவுளிட்ட ஒத்துக்கொண்டார். சில நாளிலேயே அவருடைய வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்த மனைவியும் கைக்குழந்தையும் தப்பினார்கள். கோபத்தோட திரண்ட சனத்தை அமைதிப்படுத்தி, வீடுகளுக்கு அனுப்பினார். புறக்கணிப்பு 381 நாள் நீடித்து வென்றது.

இரண்டு இடத்திலும் ஜெபம் ஆபத்தை விலக்கவில்லை. பயத்தை ஒளிக்காமல் சொல்ல ஒரு இடம் தந்தது. அங்கே ஒத்துக்கொண்ட பயம், வெளியில் எங்களை ஆட்டி வைக்காது. ஜெபத்தில் கிடைக்கிற தைரியம் எண்டு நாங்கள் நம்புறது இதைத்தான்.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" எண்டு சொல்லலாம். பார்த்துக்கொள்வார்தான். ஆனால் கூட நடக்க அவர் அனுப்ப நினைச்ச ஆட்கள் நாங்களாக இருந்தால்?

பகிடிவதையைக் குற்றமாக்கிய 20ஆம் இலக்கச் சட்டம் 1998இலேயே வந்துட்டுது. முறைப்பாடு குடுக்கப் போற பிள்ளைக்குப் பக்கத்தில் நிக்கத்தான் ஆள் வேணும்.

அடுத்த முறை எங்கட ஜெபம் இப்படித் தொடங்கட்டும்: "ஆண்டவரே, எங்களுக்கும் பயமா இருக்கு." ஆமென் சொன்ன பிறகு, அந்தத் தங்கச்சியோட ஹொஸ்டல் வாசல் வரைக்கும் நடப்போம்.